பைத்தான் கேள்வி பதில்: கிரானில் மட்டும் ஓடாத கட்டளை

கேள்வி: கச்சேரி வீடியோக்களிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். உள்ளே ஓஎஸ்.சிஸ்டம் (பைத்தானிலிருந்து வெளிக் கட்டளையை ஓட்டும் வழி) வழியாக, ஒலி-ஒளி ஃபைல்களை மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கைக் கூப்பிடுகிறேன். நானே உட்கார்ந்து ஓட்டினால் ஓடுகிறது. ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டால் காலையில் ஒரு ஃபைலும் இல்லை, லாகில் 32512 என்று ஓர் எண் மட்டும் கிடக்கிறது. என்ன எண் இது?
- வாசகர், ஈரோடு

பதில்: நல்லவேளை, அந்த எண்ணை லாகில் எழுத வைத்தீர்கள். பாதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. லினக்ஸில் ஓஎஸ்.சிஸ்டம் கட்டளையின் முடிவு எண்ணை 256-ஆல் பெருக்கித்தான் கையில் கொடுக்கும். வகுத்துப் பாருங்கள், 127 வரும். 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) கைவிரிக்கும்போது தருகிற எண் அது.

கட்டளை இருக்கிறது, கிரானுக்குத்தான் இடம் தெரியவில்லை. உங்கள் எஃப்எஃப்எம்பெக் அநேகமாக /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்-னில் இருக்கும், கிரானோ பெரும்பாலும் /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டோடு தேடுவதை நிறுத்திக்கொள்ளும். டெர்மினலில் 'விச் எஃப்எஃப்எம்பெக்' (கட்டளை எங்கே இருக்கிறது என்று சொல்லும்) போட்டுப் பார்த்து முழுப் பாதையையும் ஸ்கிரிப்ட்டில் எழுதிவிடுங்கள், தீர்ந்தது.

அப்புறம், அந்த ஓஎஸ்.சிஸ்டத்தை விட்டுவிட்டு, அதே வேலையைச் செய்யும் சப்பிராசஸ்.ரன்-னுக்கு மாறிவிடுங்கள். கட்டளையை ஒரே வரியாக ஒட்டாமல் லிஸ்ட்டாகக் கொடுங்கள், ஏனென்றால் 'ஆலாபனை 2.எம்பி4' என்று நடுவில் இடைவெளி விட்ட பெயர் வந்தால் ஷெல் அதை இரண்டு ஃபைலாக எடுத்துக்கொள்ளும், லிஸ்ட்டில் அந்தத் தொல்லை கிடையாது. கேப்சர்_அவுட்புட்=ட்ரூ, டெக்ஸ்ட்=ட்ரூ இரண்டையும் சேர்த்தால் (பைத்தான் 3.7 முதல் உண்டு) கட்டளை என்ன புலம்பியது என்பது ஸ்டிடிஎரரில் (பிழைச் செய்திகள் வரும் தனி வழி) கிடைக்கும், அதை லாகில் எழுதுங்கள். ஆனால் எஃப்எஃப்எம்பெக் நல்ல சேதியையும் அங்கேதான் கொட்டும், அதனால் ஸ்டிடிஎரரில் எழுத்து இருக்கிறதே என்று பதறாமல் ரிட்டர்ன்கோட் (கட்டளையின் முடிவு எண்) 0-வா, அதாவது வெற்றியா என்று மட்டும் பாருங்கள்.

இப்படி மாற்றியபின் நான் ஒரு மத்தியானம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன். டெர்மினலில் ஸ்கிரிப்ட் அசையாமல் நின்றது, பிழையும் இல்லை. பார்த்தால், அதே பெயரில் பழைய ஃபைல் இருக்கிறது, 'மேலே எழுதட்டுமா?' என்று எஃப்எஃப்எம்பெக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது, அந்தக் கேள்வியைத்தான் கேப்சர்_அவுட்புட் விழுங்கிவிட்டது! பழையதை அழித்து எழுதினால் பரவாயில்லை என்றால் லிஸ்ட்டில் '-ஒய்' சேருங்கள், வேண்டாமென்றால் '-என்'. கூடவே, 600 விநாடிக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிட, சப்பிராசஸ்.ரன்-னில் டைம்அவுட்=600 மாதிரி ஏதாவது கொடுங்கள்.