புதருக்குள் குனிந்து நடந்தால் ஸ்டெல்த் கேம் ஆகிவிடுமா?

வாசகர் கேள்வி: ஸ்டெல்த், அதாவது எதிரி கண்ணில் படாமல் ஒளிந்து ஆடும் வகை, என்று போட்டிருந்ததை நம்பி ஒரு கேம் வாங்கினேன். முதல் அரை மணி நேரம் புதருக்குள் குனிந்து குனிந்து நடந்தேன். அப்புறம் முழுக்கத் துப்பாக்கிச் சண்டைதான். எதை வைத்து ஒரு கேமை ஸ்டெல்த் என்கிறார்கள்? வாங்குவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாக ஆடுபவன் எதில் தொடங்கலாம்?

பதில்: குனிந்து நடக்கும் பட்டன் இன்று பெரும்பாலான ஆக்ஷன் கேம்களில் இருக்கிறது. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எதிரிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைச் சுற்றி ஆட்டம் நடக்கிறதா? சுடும் கேமில் எதிரியின் உயிரைக் குறைக்கிறீர்கள். ஸ்டெல்த் கேமில் நீங்கள் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சொத்து, அதைச் செலவழிக்காமல் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதுதான் ஆட்டம்.

இது புதிய யோசனை இல்லை. 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த காசில் வுல்ஃபென்ஸ்டைன் என்ற கேமிலேயே இதன் விதை இருக்கிறது. நாஜிகளின் கோட்டைக்குள் சிக்கிய கைதி நீங்கள். குண்டுகள் கொஞ்சம்தான். எதிரியின் சீருடை கிடைத்தால் மாட்டிக்கொண்டு சாதாரணக் காவலர்கள் முன்னால் நடந்து போகலாம், ஆனால் நாஜிகளின் சிறப்புப் படையான எஸ்எஸ் படையினர் கண்டுபிடித்துவிடுவார்கள். 1987இல் ஜப்பானிய கேம் வடிவமைப்பாளர் ஹிடியோ கொஜிமா மெட்டல் கியர் கேமை உருவாக்கும்போது, எம்எஸ்எக்ஸ்2 கணினியால் திரையில் நிறைய வீரர்களையும் குண்டுகளையும் ஒரே நேரத்தில் காட்ட முடியவில்லை. சரி, சண்டை போடுவதற்குப் பதில் சண்டையைத் தவிர்ப்பதையே ஆட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று திருப்பினார். பிறகு 1998இல் டென்சு, மெட்டல் கியர் சாலிட், தீஃப் என்ற மூன்று கேம்களும் ஒரே வருடத்தில் வந்து இந்த வகையை நிலைநாட்டின.

எது ஸ்டெல்த் என்று யார் கேட்டாலும் நான் முதலில் காட்டுவது தீஃப்பைத்தான். திரையின் அடியில் ஒரு சின்ன மணிக்கல் இருக்கும். நீங்கள் இருட்டில் நின்றால் அது கறுத்திருக்கும், வெளிச்சத்துக்கு வந்தால் ஒளிரும். ஒரு காவலாளி எதிரே வருகிறான், நீங்கள் சுவரோரம் நிற்கிறீர்கள், அந்தக் கல் கறுப்பாக இருந்தால் கை எட்டும் தூரத்தில் அவன் உங்களைக் கடந்து போய்விடுவான். ஹெட்போன் போட்டு ஆடிப் பாருங்கள், மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். அப்புறம் தரை. கம்பளத்தில் ஓடினாலும் சத்தம் கம்மி. அதே வேகத்தில் கல் தளத்தில் கால் வைத்தால் அடுத்த அறையில் இருப்பவன் திரும்புவான். இரும்புத் தகடு என்றால் கேட்கவே வேண்டாம். தீப்பந்தத்தை அணைக்கத் தண்ணீர் அம்பு, சத்தமிடும் தரையில் மெத்தை விரிக்கப் பாசி அம்பு. ஆயுதம் என்று கொடுத்ததில் பாதி, ஆளைக் கொல்ல இல்லை, இருட்டையும் அமைதியையும் உண்டாக்கத்தான்.

சத்தம் கேட்டவுடன் அந்தக் காவலாளி என்ன செய்கிறான் என்பது இன்னும் முக்கியம். உடனே வாளை உருவிக்கொண்டு பாய மாட்டான். “யாரது?” என்று நிற்பான். இரண்டடி வந்து எட்டிப் பார்ப்பான், தேடுவான், ஒன்றும் இல்லை என்றால் முணுமுணுத்துக்கொண்டே பழைய இடத்துக்குப் போய்விடுவான். ஒன்றும் தெரியாத நிலைக்கும் எல்லாம் தெரிந்த நிலைக்கும் நடுவே இருக்கும் இந்தச் சந்தேக நிலையில்தான் ஸ்டெல்த்தின் உயிர் இருக்கிறது. மெட்டல் கியர் சாலிட்டில் பனியில் பதிந்த உங்கள் காலடித் தடத்தைக் காவலாளி பார்த்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவான். உங்களை ஏமாற்றிய கேமில் அநேகமாக இந்தச் சந்தேக நிலை இருந்திருக்காது. ஒன்று யாருக்கும் எதுவும் தெரியாது, இல்லாவிட்டால் முகாம் மொத்தமும் சுட ஆரம்பித்துவிடும்.

இருட்டு கட்டாயம் என்றும் நினைக்காதீர்கள். 2016இல் தொடங்கிய புதிய ஹிட்மேன் வரிசையில் பட்டப்பகலில், கூட்டத்துக்கு நடுவே நடக்கிறீர்கள். சமையல்காரர் உடை போட்டால் சமையலறைக்குள் யாரும் கேட்க மாட்டார்கள், தலைமைச் சமையல்காரரைத் தவிர. தன் கீழே வேலை செய்பவர்களை அவருக்குத் தெரியும் அல்லவா! அப்படிப்பட்டவர்களின் தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி தெரியும். 1981இன் எஸ்எஸ் படையினர்தான் இங்கே வேறு உருவில் நிற்கிறார்கள்.

சண்டை போட வழியே இல்லாவிட்டால்தான் ஸ்டெல்த் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2012இல் வந்த டிஸ்ஆனர்டில் எல்லாரையும் வெட்டிக்கொண்டே போகலாம், ஒரு உயிரைக்கூட எடுக்காமலும் முடிக்கலாம். கொலை கூடக் கூட நகரத்தில் எலிகள் பெருகும், முடிவும் இருண்டதாகும். நீங்கள் வெட்டிக்கொண்டே போனீர்களா, கொல்லாமல் ஒளிந்து போனீர்களா என்பதை அந்த உலகம் கவனிக்கிறது. எனக்கு அது போதும். அதே வருடம் வந்த ஃபார் க்ரை 3 வேறு கதை. எதிரி முகாமைச் சத்தமில்லாமல் பிடிப்பது அருமையாக இருக்கும், ஆனால் மாட்டிக்கொண்டால் அபாயமணி அடிக்கும், கூடுதல் ஆட்கள் வருவார்கள், கையில் இருக்கும் துப்பாக்கி அவர்களையும் கவனித்துக்கொள்ளும். நல்ல கேம்தான், ஆனால் அது ஸ்டெல்த் கலந்த சுடும் கேம். அப்படித் தெரிந்தே வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

இனி வாங்கும் முன்னால் விளம்பர வீடியோவைப் பார்க்காதீர்கள். யாராவது ஆடிய வீடியோவை வெட்டாமல் பத்து நிமிடம் பாருங்கள். ஆடுபவர் மாட்டிக்கொள்ளும் இடம் வரும்வரை ஓட்டுங்கள். அங்கே அவர் ஓடி ஒளிகிறாரா, நின்று எல்லாரையும் சுட்டு முடிக்கிறாரா? ஒளிந்த பிறகு காவலர்கள் தேடிக் களைத்துத் திரும்புகிறார்களா? ஏன் மாட்டினார் என்பது உங்களுக்கே திரையில் புரிகிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கேமை வாங்க வேண்டாம். காரணம் தெரியாமல் மாட்டுவதைப் போல எரிச்சல் தருவது வேறில்லை.

தொடங்குவதற்கு 2012இல் வந்த மார்க் ஆஃப் தி நிஞ்ஜாவைச் சொல்வேன். பக்கவாட்டில் பார்க்கும் இருபரிமாணக் கேம், பெரிய கணினி தேவையில்லை. நீங்கள் ஓடினால் சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்பதை ஒரு வட்டமாகவே வரைந்து காட்டும். காவலாளி அந்த வட்டத்துக்குள் இருந்தால் கேட்கும், வெளியே இருந்தால் கேட்காது. அது கைவந்த பிறகு 2005இல் வந்த ஸ்ப்ளின்டர் செல் கேயாஸ் தியரி. அதில் வெளிச்சத்துக்கு ஒரு அளவுகோல், சத்தத்துக்கு இன்னொன்று. சுற்றுப்புற இரைச்சலைவிட உங்கள் சத்தம் குறைவாக இருந்தால் காதில் விழாது. அதற்கப்புறம் தீஃப்புக்குப் போங்கள். படம் பழசாகத் தெரியும், காது அதை மறக்க வைத்துவிடும். மிகக் கடினமான எக்ஸ்பர்ட் நிலையில் ஆடினால் மனிதர்களைக் கொல்லவே அனுமதி இல்லை. இரண்டாம் முறை ஆடும்போது அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆடும்போது ஒரு பழக்கம் மட்டும் வேண்டும். புதிய இடத்துக்குள் நுழைந்ததும் இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, ஒவ்வொரு காவலாளியும் எங்கே திரும்புகிறான் என்று பாருங்கள். மாட்டிக்கொண்டால் உடனே முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு, பழைய சேவ்-க்கு, போகாதீர்கள். ஓடுங்கள், ஒரு மூலையில் ஒளியுங்கள், அவர்கள் தேடி முடிக்கும்வரை காத்திருங்கள்.