தொட்டியில் நீந்தும் குஞ்சு

அன்புள்ள சார்,

பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். மே மாத லீவுக்கு நானும் கணவரும் ஒன்பது வயது மகளும் இலங்கை போகிறோம். தென்மேற்குக் கரையில் ஓர் ஆமைப் பொரிப்பகத்தில் ஏழு நாள் தன்னார்வலர் வேலை. தங்க இடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாம்தான் பணம் கட்டவேண்டும். காலையில் தொட்டி கழுவுவது, குஞ்சுகளுக்கு மீன் போடுவது, சாயங்காலம் அவற்றைக் கடலில் விடுவது என்று ஏஜென்ட் சொல்கிறார். அலுவலகத் தோழி ஒருத்தி, "அதெல்லாம் ஏமாற்று, அந்தமான் போ" என்கிறாள். மகள் இப்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். எது சரி?

ச., அல்சூர்

அன்புள்ள ச.,

ஏஜென்ட் சொன்ன மூன்று வேலைகளில் முதல் இரண்டும் இருக்கவே கூடாதவை. கழுவ ஒரு தொட்டி இருக்கிறது, மீன் போடக் குஞ்சுகள் இருக்கின்றன என்றால், கடலில் இருக்க வேண்டியவை அங்கே அடைபட்டிருக்கின்றன என்று பொருள்.

முட்டையை உடைத்து வெளிவரும் குஞ்சின் வயிற்றில் கொஞ்சம் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும். அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. முதல் 24 மணிநேரம் கிட்டத்தட்ட நிற்காமல் நீந்தி, கரையோர மீன்களையும் பறவைகளையும் தாண்டி ஆழத்துக்குப் போய்ச்சேரத்தான் அது. தொட்டியில் போட்டாலும் குஞ்சு அதே வெறியோடு நீந்தும், சுவரில் முட்டி முட்டி. இரண்டு மூன்று நாள் கழித்துக் கடலில் விடும்போது சோறும் குறைந்திருக்கும், வேகமும் போயிருக்கும். நெரிசலில் ஒன்றன் துடுப்பை ஒன்று கடிக்கும், புண்ணில் பூஞ்சை பிடிக்கும். வலையில் சிக்கிக் காலிழந்த பெரிய ஆமைக்கு வைத்தியம் பார்க்கும் தொட்டி வேறு விஷயம், அதை நான் குறை சொல்லவில்லை.

பிறகு ஏன் தொட்டி வைக்கிறார்கள்? மணல் குளிர்ந்த பிறகு, பெரும்பாலும் ராத்திரியில்தான் குஞ்சு வெளிவரும். டிக்கெட் வாங்குகிறவர் பகலில் வருவார். அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் இருப்பதுதான் தொட்டி.

பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்டிடம் நாலு கேள்வி கேளுங்கள். முட்டை எங்கிருந்து வருகிறது? விலைக்கு வாங்குவதாகச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இலங்கையிலும் ஆமை முட்டை எடுப்பது, விற்பது சட்டவிரோதம்தான். குஞ்சு வெளிவந்து எவ்வளவு நேரத்தில் விடுகிறீர்கள்? பொரிப்புக் குழிகளை ஆண்டுதோறும் இடம் மாற்றுகிறீர்களா? போன பருவத்தில் எத்தனை முட்டை வைத்து எத்தனை பொரிந்தது? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒழுங்கான இடத்தில் ஒவ்வொரு குழிக்கும் நோட்டில் ஒரு வரி இருக்கும். குஞ்சுகள் போனபின் குழியைத் தோண்டி ஓடுகளையும் பொரியாத முட்டைகளையும் எண்ணி எழுதியிருப்பார்கள். நோட்டு இல்லாத இடத்தில் அது பொரிப்பகமா காட்சிசாலையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பொரிப்பகமே கூடாது என்று சொல்ல வரவில்லை. நாயும் விளக்கும் ஆளும் நிறைந்த கரையில் வேறு வழி கிடையாது. ஆனால் முட்டையை இடம் மாற்றுவது நுட்பமான வேலை. பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) ஒரு தடவைக்கு 100 முதல் 120 வரை முட்டையிடும், குழி ஏறக்குறைய 45 செ.மீ. ஆழம், வாய் குறுகி அடி அகன்று குடுவைபோல இருக்கும். இட்ட சில மணிநேரத்துக்குள், ஆறு மணிநேரத்துக்கு மேல் போகாமல், மாற்றிவிட வேண்டும். அதற்குப் பின் கரு முட்டையின் மேல்பக்கச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அப்போது முட்டையை உருட்டினால் கரு அறுந்து செத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. ஐம்பது நாள் கழித்துத் தோண்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். அதனால் மண்வெட்டி கூடாது, கையால்தான் தோண்டவேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, ஈரமணல் போட்ட துணிப்பையில் குலுங்காமல் கொண்டுபோக வேண்டும். புதுக்குழியும் அதே ஆழம், அதே குடுவை வடிவம். முதலில் ஈரமணல், மேலே காய்ந்த மணல். அழுத்தி மிதிக்கக் கூடாது, காற்று போகவேண்டும். குழிக்குக் குழி ஒரு மீட்டராவது இடைவெளி. கொசுக்கடிக்குப் பூசிய ஓடோமாஸ் கையோடு முட்டையைத் தொடாதீர்கள். மென்மையான ஓடு, எல்லாம் உள்ளே இறங்கும்.

வெயில்தான் அடுத்த சிக்கல். குழிக்குள் சூடு 29 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து வரும். சூடு ஏற ஏறப் பெண்ணே வரும், இன்னும் ஏறினால் முட்டை வெந்துவிடும். நிழல்வலை கட்டாத பொரிப்பகத்தில் இதைக் கவனிக்க ஆளில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 45ஆம் நாளுக்குமேல் ஒவ்வொரு குழியின் மேலும் கூடை கவிழ்த்து, ராத்திரி முழுக்க ஆள் பார்க்க வேண்டும். விடிந்தபிறகு கூடைக்குள் மாட்டிய குஞ்சு வெயிலில் அதிக நேரம் தாங்காது.

லீவு மே மாதம்தான் என்பதால், இலங்கையிலேயே தங்காலைக்குப் பக்கத்தில் ரெக்காவா கரையைப் பாருங்கள். முன்பு முட்டை எடுத்து விற்றவர்களையே 1990களில் காவலர்களாக்கிய ஊர். முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுக் காக்கிறார்கள். பேராமைகள் (பச்சை ஆமை என்ற இனம்) ராத்திரி கரையேறும். அங்கே தன்னார்வலர் வேலை என்பது பெரும்பாலும் இருட்டில் உட்கார்ந்து காத்திருப்பதுதான். ஆமை மேலேறும்போதும் குழி தோண்டும்போதும் அருகில் போனால் முட்டையிடாமல் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கியபின், பின்பக்கமாக மட்டும் போகலாம். முன்னால் நிற்கக் கூடாது, போனில் வெளிச்சம் கூடாது. பேராமைக்கு மொத்தமாக இரண்டு மணிநேரத்துக்கு மேலும் ஆகும். ஒன்பது வயதுக் குழந்தை அதுவரை சத்தமில்லாமல் இருப்பாளா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் தோழி சொன்ன அந்தமானை மே மாதத்துக்கு வைக்காதீர்கள். அங்கே ஆமை முட்டையிடும் பருவம் பெரும்பாலும் குளிர்காலம்தான், மே கடைசியில் மழை பிடித்துவிடும். லிட்டில் அந்தமானில் ஏழுவரி ஆமைகளை (லெதர்பேக்) கண்காணிக்கும் தக்ஷின் ஃபவுண்டேஷன் நம் பெங்களூரில்தான் இருக்கிறது. அங்கே டேக் மாட்டிய ஆமைகள் ஒருபக்கம் ஆஸ்திரேலியா வரைக்கும், மறுபக்கம் ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போயிருக்கின்றன. ஆனால் அது முதலை நடமாடும் கரையில் முகாம் போட்டுச் செய்யும் வேலை. ஒரு வாரத்துக்கு வருகிறவருக்குக் கற்றுக்கொடுக்கவே அந்த ஒரு வாரம் போய்விடும், குடும்பத்தோடு சரிப்படாது. (கிரேட் நிக்கோபாரில் கலத்தியா விரிகுடா, இந்த ஆமைகளின் பெரிய முட்டைக்கரை. 2021இல் சரணாலயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், துறைமுகத்துக்காக.)

மகளுக்காக என்றால் தீவே வேண்டாம் என்பேன். சென்னையில் 1988 முதல் எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பு, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ராத்திரி நடந்து பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, வார இறுதியில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமை மதியம் பிருந்தாவன் பிடித்தால் ராத்திரி நடைக்குப் போய்விடலாம். நடை ஏழு கிலோமீட்டர் அளவு, அதுவும் பொலபொலவென்ற மணலில். ஆமையே வராத ராத்திரிகளும் உண்டு, அதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடை அவளுக்கு அதிகம் என்று தோன்றினால் மார்ச், ஏப்ரலில் பெசன்ட் நகரில் குஞ்சு விடுவதற்குக் கூட்டிப் போங்கள். இருட்டு நிற உடை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், டார்ச் கொண்டுபோனால் கண்ணாடிமேல் சிவப்பு செலோஃபேன் தாள் இரண்டு மடிப்பு. குஞ்சு வெளிச்சம் பார்த்து ரோட்டுப்பக்கம் திரும்பினால் கையில் எடுக்கத் தோன்றும், எடுக்க வேண்டாம். கடலாமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு, அனுமதியுள்ளவர்தான் தொடலாம். விளக்குக்கும் குஞ்சுக்கும் நடுவில் அவளை நிற்கச் சொல்லுங்கள், அவள் நிழல் விழுந்ததும் குஞ்சு கடல்பக்கம் திரும்பிவிடும்.