தோளில் சரியாக இருந்தால் பாதிச் சட்டை முடிந்தது: தையல் கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பி.டி.எஃப் பற்றனை, அதாவது பிறிண்ட் எடுத்து அதன்படி துணி வெட்டும் தாள் மாதிரியைப் பற்றியவை. தனி வடிவமைப்பாளர்கள் தாங்களே வரைந்து விற்கும் பற்றனைப் போனிலேயே வாங்கி, வீட்டு மெசினில் சட்டை தைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய சந்தோசம்.

என்னுடைய அளவைத்தான் வெட்டினேன், ஆனால் சட்டை உடம்பில் ஏறவே இல்லை. எங்கே பிழை? (புதுக்குடியிருப்பு)

பிழை பெரும்பாலும் பிறிண்டில்தான் இருக்கும். கடையில் எடுக்கும்போது, தாளுக்குள் அடங்கட்டும் என்று கணினி தானாகவே படத்தைச் சுருக்கிவிடும். அமெரிக்கத் தாளுக்கு வரைந்த பற்றனை ஏ4 தாளில் அப்படி எடுத்தால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று வீதமாவது குறையும். 36 அங்குல நெஞ்சளவில் அது கிட்டத்தட்ட ஓர் அங்குலம்! "100 வீதத்தில், அக்சுவல் சைஸில் எடுங்கோ" என்று கடைக்காரத் தம்பியிடம் சொல்லுங்கள். முதலில் சோதனைச் சதுரம் (பக்க அளவு எழுதியிருக்கும் சிறு கட்டம்) உள்ள தாளை மட்டும் எடுத்து, அங்கேயே நின்று அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். சரியென்றால் மிச்சத்தை எடுக்கலாம். பழைய இஞ்சி ரேப்பை நம்ப வேண்டாம், அது இழுபட்டிருக்கும்.

நெஞ்சளவு 39. அதற்கு வெட்டினால் தோள் வழிகிறது, கழுத்து முன்னால் தொங்குகிறது. தோளுக்கு ஏற்றதை வெட்டினால் நெஞ்சு இறுகுகிறது. என் உடம்புக்குப் பற்றன் சரிவராதா? (மாங்குளம்)

சரிவரும் தங்கச்சி. உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. நெஞ்சு பெரிதென்றால் "ஒரு சைஸ் கூட்டி வெட்டு" என்றுதான் எங்களுக்கும் பழக்கினார்கள். அதனால் எத்தனையோ பேர் வழியும் தோளோடு, சட்டை போடும் ராசி தங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு அது மனவருத்தம்.

தோள் எலும்பு. அதற்குப் பொருந்தாத சட்டையைத் தைத்தபிறகு திருத்துவது பெரும்பாடு. நெஞ்சுக்குத் துணி கூட்டுவது தாளிலேயே முடிகிற வேலை. அதனால் தோளுக்கு அளவைத் தெரிவு செய்து, நெஞ்சுக்குக் கூட்டுங்கள்.

ரேப்பை அக்குளுக்குக் கீழால் கொண்டுவந்து, நெஞ்சுக்கு மேலால் இறுக்கிப் பிடித்து அளவெடுங்கள். 35 வருகிறது என்று வைப்போம். அநேகமான பற்றன்கள் மேல்நெஞ்சுக்கும் நடுநெஞ்சுக்கும் இரண்டு அங்குல வித்தியாசம் என்று எண்ணி வரைந்தவை. உங்களுக்கு நாலு. ஆகவே அட்டவணையில் நெஞ்சளவு 37 உள்ள வரியை வெட்டுங்கள். மீதி இரண்டு அங்குலத்தை முன்பக்கத்தில் கூட்ட வேண்டும். முன்தாள் பாதிதானே, அதில் ஓர் அங்குலம்.

முன்தாளை உடம்பில் பிடித்து நெஞ்சின் உச்சியைக் குறியுங்கள். அதிலிருந்து மூன்று கோடுகள்: ஒன்று நேராகக் கீழ் விளிம்புக்கு, ஒன்று கைக்குழியின் கீழ்ப்பகுதிக்குச் சரிவாக, ஒன்று பக்க டாட்டின் (நெஞ்சு வடிவுக்காகப் பக்கத்திலிருந்து பிடிக்கும் கூர்மடிப்பு) நடுவால். கீழிருந்து உச்சிவரை வெட்டி, அப்படியே கைக்குழிப் பக்கம் திரும்பி, விளிம்பில் ஒரு நூலளவு விட்டு நிறுத்துங்கள். டாட் கோட்டைப் பக்கத்திலிருந்து வெட்டி, உச்சிக்கு ஒரு நூல் முன்பே நிறுத்துங்கள். இப்போது கீழ்வெட்டை ஓர் அங்குலம் விரித்தால், இரண்டு ஓரமும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும், டாட் தானாகவே வாய் திறக்கும். நடுப்பக்கத் துண்டு கட்டையாகத் தெரியும். அதைக் குறுக்கே வெட்டி, மற்றதற்குச் சமமாகக் கீழே இறக்கி, பின்னால் தாள் வைத்து ஒட்டுங்கள். டாட்டின் முனை உச்சிக்கு ஓர் அங்குலம் முன்பே முடியட்டும். முதல் தடவை இதற்கு ஒரு பின்னேரம் போகும். பிறகு பழகிவிடும்.

சரி, வெட்டி ஒட்ட மனமில்லையா? காஷ்மரெட் என்ற நிறுவனம் ஒரே சட்டை அளவுக்குப் பல நெஞ்சு (கப்) அளவுகளில் தாள் தருகிறது. ஃப்ரீசூயிங் இணையத்தளம் உங்கள் அளவுகளைக் கொடுத்தால் இலவசமாகவே வரைந்து தரும்.

அம்மாவின் பழைய வாயில் சேலையில் சட்டை தைக்கலாமா? (வவுனியா)

தாராளமாகத் தைக்கலாம். சித்திரை வெயிலுக்கு அதைவிடச் சுகமான துணி இல்லை. ஆனால் வெட்டமுன் சேலையை யன்னல் வெளிச்சத்தில் முழம் முழமாகப் பிடித்துப் பாருங்கள். கொய்யகம் மடிந்த இடத்திலும் போல்ஸ் தைத்த கரையிலும் இழை நைந்திருக்கும், வெளிச்சம் சல்லடைபோல வரும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு விலக்குங்கள். நான் ஒருமுறை என் மாமியின் சேலையை அப்படிப் பார்க்காமல் வெட்டினேன். அவ அதைப் போட்டுக்கொண்டு குந்தினபோது பின்பக்கம் கிழிந்தது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சேலை திரும்பி வராது.

மெல்லிய வாயிலுக்கு உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம் வேண்டும்.

காமென்ற்ஸில் ஆறு வருசமாக கை பூட்டுகிறேன். முழுச் சட்டை தைத்ததில்லை. பற்றனில் எதைக் கவனிக்க வேண்டும்? (கிளிநொச்சி)

உங்களுக்கு மெசின் பயமில்லை, நேர்த்தையல் கையிலிருக்கிறது. அதுவே பெரிய முதல். கவனிக்க வேண்டியது தையல் ஓரம். பழைய பெரிய கம்பனிப் பற்றன்களில் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது ஒன்றரை சென்ரிமீற்றர். தனி வடிவமைப்பாளர்களில் பலர் ஒரு சென்ரிமீற்றர்தான் விடுவார்கள். சிலர் விடவே மாட்டார்கள், நீங்கள்தான் கூட்டி வெட்ட வேண்டும். முதல் பக்கத்தில் அதைத் தேடிப் படியுங்கள். அப்புறம், கழுத்தை வெட்டிய கையோடு விளிம்பில் ஒற்றைத் தையல் ஓடிவிடுங்கள். தொழிற்சாலையில் துண்டு உடனே அடுத்த கைக்குப் போகும். வீட்டில் அது இரண்டு நாள் கதிரையில் தொங்கும், கழுத்து இழுபடும்.

கால்மிதி மெசின்தான் இருக்கிறது, ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் மெசின் இல்லை. (ஒட்டுசுட்டான்)

தேவையில்லை அக்கா. துணியின் உள்பக்கங்களைச் சேர்த்து ஒருமுறை ஒடுக்கமாகத் தைத்து, ஓரத்தை நறுக்கி, திருப்பி மறுபடி தையுங்கள். நூல் பிரியாது.

ஆவணி மடுத் திருவிழாவுக்குத் தைக்கிறேன். உயரம் 5 அடி. பற்றனில் இடுப்பு எனக்குக் கீழே வருகிறது. (முருங்கன்)

பல பற்றன்கள் 5 அடி 5 அல்லது 6 அங்குல உயரத்துக்கு வரைந்தவை. பாவாடையின் அடியை மட்டும் வெட்டினால் இடுப்பு அங்கேயேதான் நிற்கும். பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்புவரை உங்களில் அளந்து, தாளிலும் அளந்து, வித்தியாசத்தை மேல்துண்டில் நீளத்தைக் குறைக்கவென்று போட்டிருக்கும் கோட்டில் மடித்துவிடுங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு. இடுப்பு தன்னிடத்தில் உட்கார்ந்தாலே கால் நீளமாகத் தெரியும்.

நல்ல துணியில் கத்திரி வைக்கமுன் பழைய பெட்சீற்றில் மேல்பாகத்தை மட்டும் தைத்துப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கவே முடித்து, ஓர் இரவு கொழுவியில் தொங்கவிடுங்கள், துணி இறங்கட்டும். பிறகு மடுவுக்குப் போட்டுப்போகும் அதே செருப்போடு நேராக நில்லுங்கள். வீட்டில் ஒருவர் அடிமட்டத்தை நிலத்தில் ஊன்றி, சுற்றிவரச் சோக்கால் கீழ்மடிப்பைக் குறிக்கட்டும்.