யோசித்து நடக்கும் மனிதர்கள், இருண்ட போர் கேம்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, போரைப் பற்றி ஒரு கேமுக்குக் கதை எழுதுகிறேன். எல்லாரும் புத்தியோடு நடந்தால் யாரும் தப்பே செய்ய மாட்டார்களே, அப்புறம் கதை எப்படி நகரும்?

பதில்: நன்றாகவே நகரும். ஒரு முட்டாள் சுட்டதால் பத்துப் பேர் செத்தார்கள் என்று எழுதினால், விளையாடுபவர் "நானாக இருந்தால் சுட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்.

ஒரு சோதனைச் சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு. முன்விளக்கு இல்லாமல் ஒரு வேன் வருகிறது. நேற்று பக்கத்துச் சாவடிக்கு இப்படி வந்த வண்டி வெடித்தது காவலில் நிற்கும் சிப்பாய்க்குத் தெரியும். கை காட்டுகிறான், வேன் நிற்கவில்லை. ஓட்டுகிறவருக்குத் தெரிந்தது வேறு. விளக்கைப் போட்டால் குன்றின் மேலிருந்து ஸ்னைப்பர் சுடுவான். பின் சீட்டில் மகளுக்குப் பிரசவ வலி. இருட்டில் சாவடி இருப்பதே அவர் கண்ணில் படவில்லை. சிப்பாய் சுடுகிறான். இரண்டு பேருமே தங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் முடிவெடுத்தார்கள்.

காட்சியை எழுத உட்காரும் முன் ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும், என்ன தெரியாது, எதை இழக்க முடியாது என்று குறித்து வையுங்கள். நல்லவன், கோபக்காரன் என்கிற குணமெல்லாம் அப்புறம்.

கேள்வி: இதை நன்றாகச் செய்த கேம் எது?

பதில்: 2014-இல் வார்சாவின் 11 பிட் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்'. ஊர் கற்பனை, ஆனால் 1992 முதல் 1996 வரை போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் நடந்த முற்றுகைதான் அதற்கு அடிப்படை. அங்கே மக்கள் குளிருக்குப் பூங்கா மரங்களை வெட்டி எரித்தார்கள். சிகரெட் பணம் போலக் கைமாறியது. கேமில் நாம் நடத்துவது சிப்பாய்களை அல்ல: சமையல்காரர் புரூனோ, கால்பந்து ஆடிய பாவ்லே, பத்திரிகையாளர் காத்யா. மருந்தும் சாப்பாடும் உள்ள ஒரு வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள், எதிர்க்கத் திராணி இல்லாதவர்கள். நம் ஆட்களில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும்போது அங்கே திருடுவது கணக்குப்படி சரி. திருடிவிட்டுத் திரும்பியபின் மனசொடிந்து உட்கார்ந்துவிடுவார்கள். கணக்கும் மனசும் ஒரே ஆளுக்குள் இருப்பதை அந்த எழுத்து மறக்கவில்லை. 2020-இல் போலந்து அரசு இதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. சரியான முடிவு.

கேள்வி: 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' கேமில் வெள்ளைப் பாஸ்பரஸ் என்னும் எரிகுண்டை வீசிப் பொதுமக்களைக் கொல்லும் காட்சியில் வேறு வழியே தராமல் நம்மைக் குற்றவாளி ஆக்குகிறார்களே, அது நியாயமா?

பதில்: அந்தக் குறை உண்மைதான். அதை வீசாமல் சண்டை போட்டுப் பார்த்தால் எதிரிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் நாம் நடத்தும் சிப்பாய் வாக்கர் அந்த இடத்துக்கு வந்து சேரும் பாதையைப் பாருங்கள். மணலில் புதைந்த துபாயில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்துத் தகவல் அனுப்புவதுதான் அவனுக்கு இட்ட வேலை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் போனால் காப்பாற்றலாம் என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறான். தனித்தனியாகப் பார்த்தால் பல காரணங்கள் ஏற்கத்தக்கவை. எனக்கு இந்தக் கேம் பிடிப்பதே அதனால்தான். 2024 ஜனவரியில் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், பழைய டிஸ்க் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: வில்லனை எப்படி எழுதுவது சார்?

பதில்: அதே கேமில் ரிக்ஸ் என்ற சிஐஏ ஆள் வருகிறான். நகரத்தின் தண்ணீரையே அழிக்கிறான். அமெரிக்கப் படை அங்கே செய்தது வெளியே தெரிந்தால் அந்தப் பிராந்தியமே போரில் இறங்கும், அதைவிட இங்கே இருப்பவர்கள் சாவது மேல் என்பது அவன் வாதம். கேட்கவே குலை நடுங்குகிறது, ஆனால் உளறல் என்று தள்ள முடியவில்லை. உங்கள் வில்லனின் வாதத்தை அவனுடைய வக்கீலாக உட்கார்ந்து எழுதுங்கள். பதில் சொல்ல உங்களுக்கே சிரமமாக இருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் இவர்கள் அழக்கூடாதா?

பதில்: தாராளமாக அழலாம். அழுதுகொண்டே ரொட்டியை எண்ணிப் பங்கு வைப்பவளை எழுதுங்கள்.

கேள்வி: நான் கதை எழுதுபவன் இல்லை, புரோகிராமர். என் பக்கம் என்ன செய்யலாம்?

பதில்: நிறைய. பத்துப் பேர் கொண்ட அணியில் ஒன்பது பேர் விழுந்த பிறகும் பத்தாவது ஆள் நெஞ்சை நிமிர்த்தி ஓடி வந்தால் எழுத்தாளர் எழுதியதெல்லாம் வீண். அவன் ஓடட்டும், சரணடையட்டும், அடிபட்டவனை இழுத்துக்கொண்டு ஒளியட்டும். சரணடைந்தவனை விளையாடுபவர் சுட்டுவிட்டால், அடுத்த அணி சரணடையாமல் கடைசிவரை போராட வேண்டும். அந்தச் செய்தி எப்படிப் பரவியது என்பதற்கும் கேமுக்குள் ஒரு வழி வையுங்கள்: தப்பி ஓடிய ஒருவன், அல்லது திறந்து கிடந்த ஒரு வாக்கி டாக்கி.