கையெழுத்து போடுகிறவளுக்கு விஷயம் தெரியுமா?

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு கடலோரக் கிராமம் எங்களுடையது. எனக்கு 47 வயது, விசைப்படகில் டிரைவராக இருக்கிறேன். என் தம்பியும் கடலுக்குப் போனவன்தான். அவன் போய்வந்த படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன பிறகு, கடலே வேண்டாம் என்று சென்னைக்குப் போய் ஒரு ஏஜென்சி மூலமாக செக்யூரிட்டி வேலையில் சேர்ந்தான். ஆறு வருடம் பார்த்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு குடோனில் இரவு டியூட்டியில் இருந்தபோது இரும்பு கேட் சரிந்து மேலே விழுந்து இறந்துவிட்டான். மனைவியும், ஒன்பதாவது படிக்கும் மகளும், ஐந்தாவது படிக்கும் மகனும் இருக்கிறார்கள். சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பிடித்தார்கள். ஏஜென்சியில் உடலை ஊருக்கு அனுப்பி, 30,000 ரூபாய் கொடுத்ததோடு சரி.

இப்போது சென்னையில் ஓர் அறக்கட்டளையிலிருந்து எனக்கு போன் வந்தது. கஷ்டப்படும் செக்யூரிட்டி குடும்பங்களுக்கு உதவுகிறார்களாம். 75,000 ரூபாயும் பிள்ளைகளின் ஒரு வருடப் படிப்புச் செலவும் தருவதாகச் சொல்லிப் படிவமும் அனுப்பிவிட்டார்கள். நாங்கள் யாரிடமும் கைநீட்டிப் பழக்கமில்லாத குடும்பம். தர்மப் பணம் வாங்கினால் ஊர் என்ன பேசும் என்று அம்மா தயங்குகிறார். வாங்கலாம் என்றால், காரியச் செலவுக்கு நான் வட்டிக்கு வாங்கிய கடனை அதில் அடைத்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்கு வைக்கலாமா? படிவத்தில் தம்பி மனைவியின் கையெழுத்து வேண்டும். அதில் பிரச்சினை இல்லை, காட்டின இடத்தில் போட்டுவிடுவாள். விஷயத்தை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. பாசிக்குப் போய்வருகிற பெண், வெளி விவரம் தெரியாது. நாங்கள் வாங்குவதா, வேண்டாமா?

பதில்: சகோதரரே, இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஆள் போன வீட்டுக்கு எங்கிருந்தாவது பணம் வருகிறபோதெல்லாம் இப்படி ஒரு கடிதம் வருகிறது. மானம் என்று ஆரம்பித்துக் கடன் கணக்கில் வந்து முடிகிறது. ஆறுதல் சொல்ல உங்கள் ஊரில் ஆள் இருக்கிறார்கள். நான் உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

"விஷயத்தை இன்னும் அவளிடம் சொல்லவில்லை."

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அம்மா யோசித்து, ஊர் பேசுமே என்று தயங்கவும் செய்துவிட்டார். முன்பின் தெரியாத எனக்கும் எழுதிவிட்டீர்கள். அந்தப் பணம் யார் பெயருக்கு வருகிறதோ, யாருடைய புருஷன் செத்ததற்காக வருகிறதோ, அவளுக்கு மட்டும் இன்னும் தெரியாது. ஒரே வாசலில் புழங்குகிறீர்கள். காலையில் அவள் உங்கள் முன்னால்தான் தண்ணீர்க் குடத்தோடு நடந்து போகிறாள். எப்படி ஐயா வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்தது?

காட்டின இடத்தில் போட்டுவிடுவாள் என்கிறீர்கள். போடுவாள்தான். புருஷனை இழந்து ஐந்து மாதமே ஆன பெண், பெரியத்தான் ஒரு தாளை நீட்டினால் படித்துப் பார்த்தா போடுவாள்? உங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையில் போடுவாள். அந்த நம்பிக்கையை நீங்கள் அவளுடைய அறியாமை என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

அப்புறம், "பாசிக்குப் போய்வருகிற பெண், வெளி விவரம் தெரியாது." உங்கள் கரையிலேயே பிறந்து வளர்ந்தவரா இதை எழுதுவது? விடிவதற்கு முன்னால் வல்லத்தில் ஏறித் தீவுப் பக்கம் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் இருந்து பாசியைப் பிய்த்து எடுக்கிறவள் அவள். எந்த நாளில் நீரோட்டம் எப்படி இருக்கும், மரிக்கொழுந்துப் பாசிக்கு என்ன விலை, கட்டக்கோரைப் பாசிக்கு என்ன விலை, வியாபாரி எடையில் எவ்வளவு அமுக்குகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வனத்துறைக் கெடுபிடிக்கு நடுவில் பிழைப்பது எப்படி என்றும் தெரியும். உங்கள் பக்கத்துப் பாம்பனில், சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தி 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருதை வாங்கியவர். பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காகவும், மாதத்தில் சில நாள் மட்டுமே எடுத்துக் கடலை ஆற விடுவது என்று பெண்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டுக்காகவும் நின்றவர். அந்தக் கரையில் இருந்துகொண்டு பாசிக்காரிக்கு விவரம் தெரியாது என்று எழுதாதீர்கள். அவளிடம் யாரும் விவரத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மானத்துக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் உங்கள் குடும்பத்துக்கும் வருகிறது. அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்ததே உங்கள் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான். அந்தப் பணத்தை வாங்கியதற்காக யாராவது உங்களைப் பிச்சைக்காரர் என்றார்களா? தொழில் நின்றால் குடும்பம் நிற்கக் கூடாது என்று கொடுப்பதை வாங்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை. உங்கள் தம்பி வீட்டில் 61 நாளைக்கு அல்ல, ஒரேயடியாகத் தொழில் நின்றுவிட்டது. கடலில் ஆள் போனால் கரையில் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகாமல் அந்த வீட்டு வாசலில் நிற்பீர்களே, அது மாதிரி அடுத்தவன் துக்கத்தில் கூட நிற்கிற மனிதர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள். விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவன் சொத்தைக் காத்தவனின் பிள்ளைகளுக்கு அவர்கள் கொடுக்கிறார்கள். அவள் சம்மதித்தால் தலைநிமிர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

கடன் விஷயம். வட்டிக்கு வாங்கித் தம்பியைக் கரையேற்றினீர்கள், பதினாறாம் நாள் காரியம் செய்தீர்கள். அது அண்ணன் செய்ய வேண்டியது, செய்தீர்கள். அந்தச் செலவைத் தம்பி பிள்ளைகளின் படிப்புக்கு என்று வருகிற பணத்தில் எடுத்துக்கொள்வது எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. கொடுக்கிறவர்கள் யாருக்காகக் கொடுக்கிறார்கள் என்பது படிவத்திலேயே இருக்கும். அவளுக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கி, அவர்களுக்குத் தெரியாமல் கடனை அடைத்தால், இரண்டு பக்கமும் ஏமாற்றுகிறீர்கள். வட்டி கழுத்தை நெரிக்கிறது என்றால் அதையும் அவளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவளாக ஒரு தொகை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது.

இப்போது நீங்கள் கவனிக்காமல் விட்ட பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 75,000 ரூபாய்க்கு இவ்வளவு யோசித்தவர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். அங்கேதான் உங்கள் தம்பி வீட்டுக்கு வர வேண்டிய பணம் கிடக்கிறது. அது யாரும் போடும் தர்மம் இல்லை, அவன் உழைப்புக்குச் சேர வேண்டியது.

அவன் பி.எஃப். கணக்கில் சேர்ந்த தொகை வர வேண்டும். பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் அதோடு ஒட்டிய காப்பீடு ஒன்றும் இருக்கிறது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் என்றால் குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இதற்காக அவன் தனியாக ஒரு பைசா கட்டியிருக்க வேண்டியதில்லை, முதலாளி கட்டுவது. பிறகு குடும்ப ஓய்வூதியம்: முதலில் மனைவிக்கு, குறைந்தது மாதம் 1,000 ரூபாய். அதோடு இரண்டு பிள்ளைகளுக்கும் 25 வயது வரை தனித்தனியாக, தாய்க்கு வருவதில் கால் பங்கு வீதம். சிறு தொகைதான், ஆனால் அவள் ஆயுள் வரைக்கும் மாதாமாதம் அவள் கணக்கில் விழும். மறுமணம் செய்துகொண்டால்தான் அவளுக்கு நிற்கும்.

இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு அதைவிடப் பெரியது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. வேலை நேரத்தில் வேலை இடத்தில் கேட் விழுந்து இறந்திருக்கிறான். இது பணியின்போது ஏற்பட்ட மரணம். சார்ந்திருப்போருக்கான உதவித்தொகை என்று, அவன் சம்பளத்தில் 90 விழுக்காடு வரை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்து மாதாமாதம் கொடுக்க வேண்டும். ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை தனியாக உண்டு. காரியச் செலவு யார் செய்தார்களோ அவர்கள் கேட்கலாம், அந்தப் பணத்தை நீங்கள் வாங்கிக் கடனில் போடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஏஜென்சிக்காரர் 30,000 கொடுத்தபோது ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கினாரா? வாங்கியிருந்தாலும் பயப்படாதீர்கள். சட்டம் கொடுத்த உரிமையை ஒரு தாளில் எழுதிவாங்கி இல்லாமல் ஆக்க முடியாது.

ஏஜென்சியில் சரியாகக் கட்டவில்லை என்று கைவிரித்தால் அந்தக் குடோன்காரரையும் விடாதீர்கள். ஒப்பந்தக்காரர் கட்டாத பி.எஃப். பணத்துக்கு வேலை வாங்கிய இடத்துக்காரரும் பொறுப்பு. செக்யூரிட்டி ஏஜென்சி நடத்த அரசு உரிமம் வேண்டும், 2005-ஆம் வருடச் சட்டம் அது. உரிமம் வைத்திருக்கிறவர் புகார் என்றால் இறங்கி வருவார்.

இதெல்லாம் கைக்கு வர மாதங்கள் ஆகும். இந்த இடைவெளிக்குத்தான் அறக்கட்டளைப் பணம். பள்ளிக்கூடச் செலவுக்கும், அரிசிக்கும், அலுவலகம் அலுவலகமாக அலைகிற பஸ் காசுக்கும் அது கை கொடுக்கும். ஒன்று மட்டும் பாருங்கள்: முன்பணம் கட்டுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் அது உதவி செய்கிற ஆள் இல்லை, போனை வைத்துவிடுங்கள். பணம் அவள் பெயரில் உள்ள கணக்குக்கு நேராக வர வேண்டும். கணக்கு இல்லையென்றால் கையில் காசில்லாமலே தொடங்கலாம், ஆதார் போதும்.

தம்பி வைத்துவிட்டுப் போன பெட்டியைத் திறந்து பாருங்கள். யூனிஃபார்ம் பையிலோ பர்ஸிலோ மடித்துவைத்த சம்பளச் சீட்டு ஒன்றாவது இருக்கும். அதில் யூ.ஏ.என். என்று 12 இலக்க பி.எஃப். எண் இருக்கும், இ.எஸ்.ஐ. எண்ணும் இருக்கும். அந்த இரண்டு எண்கள்தான் முக்கியம். இறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், தாசில்தார் கொடுப்பார். போலீஸ் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்களைச் சென்னை காவல் நிலையத்திலிருந்து வாங்க வேண்டும், அதற்கு நீங்கள்தான் போய்வர வேண்டும். அலைச்சல் உங்களுடையது, கையெழுத்து அவளுடையது. பெரியப்பா என்று அந்தப் பிள்ளைகள் கூப்பிடுவதற்கு நீங்கள் செய்ய வேண்டிய வேலை இந்த அலைச்சல்தான்.

முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். இன்று கரைக்கு வந்ததும் சொல்லுங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், மகனைப் பறிகொடுத்தவர், அவரை ஒதுக்க வேண்டாம், ஆனால் முடிவு அவர் எடுக்க வேண்டியதில்லை. போன் வந்ததையும், எவ்வளவு தருகிறார்கள் என்பதையும், இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். படிவத்தை அவள் கையில் கொடுங்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம், நீங்கள் அதற்குமேல் வற்புறுத்தக் கூடாது. வேண்டும் என்றால் உடனே அறக்கட்டளைக்கு அவளையே போனில் பேச வையுங்கள்.

பி.எஃப். கணக்கு சென்னை அலுவலகத்தில் இருக்கும். மதுரையிலுள்ள பி.எஃப். அலுவலகத்தில் வழி கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாமும் நடத்துகிறார்கள். போகும்போது தம்பி மனைவியைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். மகளையும் ஒரு நாள் லீவு போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, படிவத்தை வாசித்து அம்மாவுக்குச் சொல்ல அவளுக்குத் தெரியும்.