தம்பி அணிக்கு மேல் மாடி கிடையாது

கேள்வி: போன இதழில் வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபரோ தீவுகளின் இரண்டாம் டிவிஷன் கால்பந்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அந்த நாட்டின் ஜனத்தொகையே 55 ஆயிரத்துக்குப் பக்கம்தான். அதிலும் ‘பெரிய கிளப்பின் இரண்டாம் அணி முதலிடம் பிடித்தாலும் மேலே போக முடியாது’ என்று வேறு போட்டிருக்கிறீர்கள். ஜெயித்தும் பிரயோஜனம் இல்லாத சீசனை அவர்கள் எதற்கு ஆடுகிறார்கள், நீங்கள் எதற்கு எழுதுகிறீர்கள்?

பதில்: நீங்கள் கவனிக்காமல் விட்ட தப்பு ஒன்று அதில் இருக்கிறது, முதலில் அதை நானே சொல்லிவிடுகிறேன். அணிப் பெயருக்குப் பின்னால் வரும் ரோமன் இரண்டை (II) நம் ஆட்கள் 11 என்று அச்சில் ஏற்றிவிட்டார்கள். கிளாக்ஸ்விக் ஊர் கிளப்புக்குப் பதினோரு அணி கிடையாது. மன்னிக்கவும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் புள்ளிப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒன்றும் புரியாது. பத்து அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு மும்மூன்று முறை, ஆக 27 ஆட்டம், வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். இதில் பாதிக்குப் பக்கம் மேல் டிவிஷன் கிளப்புகளின் இரண்டாம் அணிகள். அவற்றைப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சம் நிற்கும் ஐந்தாறு பெயர்களைப் பாருங்கள், மேலே போகிற சண்டை அவர்களுக்குள்தான். அதனால்தான் மூன்றாவதாக முடித்த அணிகூட முன்னேறலாம், முதலாவது அங்கேயே உட்கார்ந்திருக்கும். (இன்னொரு கூத்து, இந்த இரண்டாம் டிவிஷனுக்கு அவர்கள் மொழியில் பெயரே ‘முதல் டிவிஷன்’தான். உச்சியில் உள்ளதற்கு ஸ்பான்சர் பெயரை வைத்துவிட்டார்கள்.)

ஏன் இப்படி? உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, அந்த 55 ஆயிரம். அணிக்கு 20 பேர் என்று வைத்தால்கூட இரண்டு டிவிஷனுக்கு 400 பேர் வேண்டும், அதற்குக் கீழேயும் டிவிஷன்கள் இருக்கின்றன, ஆடுகிறவர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது. 18 தீவுகளில் சிதறிக் கிடக்கும் ஊர்களை வைத்துக்கொண்டு தனித்தனிக் கிளப்புகளாக இரண்டு முழு டிவிஷன் ஓட்டுவது கஷ்டம். இரண்டாம் அணிகளை எடுத்துவிட்டால் மீதிக் கிளப்புகள் ஆட ஆளில்லாமல் நிற்கும். அப்புறம், மேல் கிளப்பில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிற 18 வயசுப் பையன் வளர்ந்த ஆம்பளைகளோடு முட்டிமோதிக் கற்றுக்கொள்ள இதை விட்டால் இடமில்லை. அவனுக்கு இருக்கிறது பிரயோஜனம்.

ஒரே கிளப்பின் இரண்டு அணிகள் ஒரே டிவிஷனில் இருக்கக் கூடாது என்பது விதி. தம்பி, அதாவது இரண்டாம் அணி, மேலே போக முடியாததற்கும் அதுதான் காரணம். அதைவிடக் கொடுமை, அண்ணனான முதல் அணி மேலேயிருந்து விழுந்து இங்கே வந்தால், தம்பி எத்தனை புள்ளி எடுத்திருந்தாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்னும் ஒரு படி கீழே போக வேண்டும்.

நீங்கள் நியாயமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. நஷ்டம் தம்பி அணிக்கு இல்லை, அவர்களோடு ஆடுகிற ஊர்க் கிளப்புக்குத்தான். சுதுரோய் தீவின் டி.பி. கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1892இல் தொடங்கியது, அந்த நாட்டிலேயே பழையது, ஏழு முறை தேசிய சாம்பியன், பிற்காலத்தில் இந்த இரண்டாம் டிவிஷனிலும் உழன்றிருக்கிறது. தலைநகர் டோர்ஷவ்னுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம். அப்படிக் கப்பலேறிப் போகிற ஓர் அணிக்கு எதிரே, காயம் ஆறி வருகிற முதல் அணிக்காரர் இரண்டு பேர் இறங்கி நின்றால்? அடுத்த வாரம் அதே தம்பி அணி வெறும் பொடியன்களோடு வந்து, முன்னேற்றத்துக்குப் போட்டி போடுகிற வேறொரு கிளப்புக்கு மூன்று புள்ளியைத் தூக்கிக் கொடுத்தால்? இது அநியாயம்தான், நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் இதற்கு மாற்றாக நான் கேள்விப்பட்டதெல்லாம் இதைவிட மோசம்.

ஜனத்தொகையைச் சொல்லிச் சிரித்தீர்களே, அதையும் பார்த்துவிடலாம். 1942இல் லீக் தொடங்கினார்கள். 1944இல் சாம்பியன்ஷிப் நடக்கவில்லை. உலகப் போர்க் காலம், பந்து கிடைக்கவில்லை, ஆள் கிடைத்தார்கள்! 1990இல் சர்வதேச ஆட்டத்துக்கு உகந்த புல் மைதானம்கூட இல்லாமல் தங்கள் ‘சொந்த ஊர்’ ஆட்டத்தை ஸ்வீடனில் வைத்து ஆஸ்திரியாவை 1-0 என்று கவிழ்த்தார்கள். 2022இல் துருக்கியை 2-1. 2023இல் கிளாக்ஸ்விக்கின் கே.ஐ. கிளப் புடாபெஸ்ட்டுக்கே போய் ஹங்கேரியின் ஃபெரன்ஸ்வாரோஷ் கிளப்பை 3-0 என்று அடித்தது, அந்த வருஷமே ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் குரூப் வரைக்கும் போனது. இதெல்லாம் இரண்டாம் டிவிஷனால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஊருக்கு ஊர் செயற்கைப் புல் மைதானம் இருப்பதும் சும்மா இல்லை.

ரோமன் எழுத்தைத் திருத்தி அடுத்த இதழில் பட்டியலை மறுபடி போடுகிறோம். அதே அரைப் பக்கம், குறைப்பதாக இல்லை.