போர் நடக்கும் நாட்டில் கிறிஸ்தவத் தொண்டருக்குச் சட்டம் காப்பாகுமா?

பாளையங்கோட்டையில் செவிலியர் படிப்பை முடித்த தங்கை, திருச்சபைத் தொண்டு அமைப்பு ஒன்றின் வழியாகப் போர் நடக்கும் நாட்டுக்குச் செல்ல விரும்புவதாகவும், பன்னாட்டுச் சட்டம் அவரைக் காக்காதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சட்டம் இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் மருத்துவப் பணியாளரைத் தாக்கக் கூடாது என்கின்றன. ஆனால் அவற்றை மதிக்காத ஆயுதக் குழு வாசலில் நிற்கும்போது அந்த ஏடு உதவுவதில்லை. ஏமனின் ஏடன் நகரில் 2016 மார்ச் 4 அன்று, அன்னை தெரசா சபையினர் நடத்திய முதியோர் இல்லத்தில் துப்பாக்கியோடு புகுந்தவர்கள், 4 கன்னியாஸ்திரீகள் உட்பட 16 பேரைக் கொன்று, சலேசியர் என்னும் கத்தோலிக்கத் துறவு சபையின் கேரளத்துக் குரு டாம் உழுன்னாலிலைக் கடத்திச் சென்றனர். அவர் மீண்டது 2017 செப்டம்பரில்தான். நமக்கு இன்னும் நெருக்கமானவர் தமிழ்நாட்டு இயேசு சபைக் குரு அலெக்சிஸ் பிரேம்குமார். ஆப்கானிஸ்தானில் ஏதிலியருக்கான பணியிலிருந்த அவர், 2014 ஜூனில் ஹெராத் அருகே ஒரு பள்ளிக்குச் சென்ற இடத்தில் கடத்தப்பட்டு, 8 மாதங்களுக்கு மேல் பிணையாக இருந்தார்.

அயல்நாட்டவர் என்றால் பணயத் தொகை கிடைக்கும் என்ற கணக்கும், சிலுவையைக் கண்டாலே மதமாற்றம் என எழும் ஐயமும் இங்கே சேர்ந்துகொள்கின்றன. எனவே சாதி சமயம் பாராமல் மருந்து கொடுப்பது அறம் மட்டுமன்று, பாதுகாப்பும்கூட. ஏனெனில் வழியில் ஆபத்து என்று முதலில் எச்சரிப்பவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரரே.

காப்பீடு, அவசர வெளியேற்றத் திட்டம், கடத்தல் நேர்ந்தால் வீட்டாரிடம் பேசும் பொறுப்பாளர் ஆகியவற்றை அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் தங்கையை அனுப்ப வேண்டாம் என்பேன்.